உபகாரமேரி போட்ட மார்க்கு

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் உபகாரமேரிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. பீ டீச்சர். வைத்தது, கூட வேலை பார்க்கும் பாஞ்சாலை. மேரி அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. அவள் காலையில் செய்கிற வேலையை இரண்டே சொல்லில் சொல்லிவிட்ட பெயர் அது.

கம்மாபுரம் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாள். ஷெட்டுக்குப் பின்னால் ஆறு நாய்கள், ஆறு தடுப்புகள். ஒவ்வொரு தடுப்பிலும் குந்தி உட்கார்ந்து, இரவில் நாய் போட்டதைக் குச்சியால் புரட்டிப் பார்த்து அட்டையில் மார்க் எழுத வேண்டும். கல்லாக இருந்தால் ஒன்று. தண்ணீராகப் போயிருந்தால் ஐந்து. அள்ளும்போது உருக்குலையாமல், தரையில் கறை ஒட்டாமல் வந்தால் மூன்று. மூன்றுதான் நல்ல மார்க். கம்பெனியை நடத்தும் தேஜஸ்வினிக்கு இந்த மார்க்கில் அவ்வளவு கண். வந்ததும் டீகூடக் குடிக்காமல் அட்டையைத்தான் கேட்பாள்.

பீங்கான் கம்பெனி ஒன்று மூடிப்போட்டுப் போன ஷெட்டை வாடகைக்கு எடுத்து நாய்த் தீனி செய்கிறவள் தேஜஸ்வினி. முப்பது வயது இருக்கும். உணவுப் படிப்புப் படித்தவள். பையில் அடைத்து விற்கிற காய்ந்த தீனியில் மாவும் கறியும் கொழுப்பும் மட்டும் இருந்தால் போதாது, வயிறு ஒழுங்காக இருக்கக் கொஞ்சம் நார் வேண்டும். அந்த நாரை எங்கிருந்தோ வரவழைத்துக்கொண்டிருந்தவளுக்குச் சுற்றிலும் இருக்கிற முந்திரிக்காடு கண்ணில் பட்டது. கொட்டைக்குத்தான் இங்கே மதிப்பு. பழம் மரத்தடியில் கிடந்து அழுகும். மங்களூர்ப் பக்கம் இரண்டு மூன்று இடங்களில் பழத்தைப் பிழிந்து ஜூஸ் எடுக்கிறார்கள், அவர்களும் சக்கையைக் குழியில்தான் கொட்டுகிறார்கள். அந்தச் சக்கையைக் கொண்டுவந்து, உப்புத்தண்ணீரில் அலசிக் காறல் எடுத்து, காயவைத்து, அரைத்துச் சேர்த்தால் என்ன என்று அவள் கேட்டாள்.

முதல் முறை காயவைத்தபோது மேலே கறுத்து உள்ளே பூஞ்சை பூத்துப்போனது. மேரிதான் வழி சொன்னாள். நேரே வெயிலில் போட்டால் மேல்பக்கம் மூடிக்கொள்ளும், உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வராது, முதல் நாள் நிழலில் துணி போர்த்தி வையுங்கள் என்றாள். பச்சை மண் கோப்பையை வெடிக்காமல் காயவைக்கிற வழிதான் அது. பதினேழு வருஷம் அவள் மண்ணோடு கிடந்தவள்.

அந்தப் பதினேழு வருஷமும் பால்சாமி கம்பெனியில். எஸ்டேட்டின் மூன்றாவது தெருவில், பீங்கான் ப்யூஸ் கட்டை செய்கிற இடம். மண்ணை அச்சில் போட்டு அழுத்துவது, ஓரம் துடைப்பது, சூளையில் அடுக்குவது, வெந்து வந்ததில் பித்தளைப் பட்டை பொருத்துவது என்று எல்லாம் அவளுக்குக் கைவந்த வேலை. கணவன் அமல் கரும்பு வெட்டு நடக்கும்போது பெண்ணாடம் ஆலைக்கு டிராக்டர் ஓட்டுவான், மற்ற நாளில் கிடைத்ததைச் செய்வான். குடும்பம் நின்றது இவள் வேலையில்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, பொம்பளைகளுக்குக் கதவு வைத்த கக்கூஸ் ஒன்று கட்டித் தரவேண்டும் என்று மேரி எல்லார் முன்னாலும் கேட்டாள். வியாழக்கிழமை பித்தளைப் பட்டை ஒரு சாக்கு காணவில்லை. அன்று சாயங்காலம் கேட்டில் பால்சாமி நிறுத்தியது அவள் ஒருத்தியைத்தான். பையைக் கவிழ்க்கச் சொன்னான். டிபன் டப்பாவைத் திறக்கச் சொன்னான். அப்புறம், "கொசுவத்த உதறிக் காட்டு" என்றான். நாற்பது பேர் நின்றார்கள். வீட்டுச் சாவி வாங்க வந்திருந்த மகள் ஜெசி, பத்தாம் வகுப்பு, யூனிபார்மோடு கேட்டுக்கு வெளியே நின்றாள். மேரி உதறிக் காட்டினாள். ஒன்றும் விழவில்லை. "இன்னைக்கி இல்ல, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான்.

பட்டையை எடுத்தது அவனுடைய மச்சான். பழைய இரும்புக் கடையில் போட்டது ஒரே வாரத்தில் தெரிந்துபோனது. பால்சாமிக்கும் தெரிந்தது. மேரியை வேலைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினான். அவள் எடுக்கவில்லை என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பது பேர் முன்னால் செய்ததை நாற்பது பேர் முன்னால் இல்லையென்று சொல்லட்டும், வருகிறேன் என்று மேரி சொல்லியனுப்பினாள். அதற்குப் பதில் வரவில்லை. வேறு கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தாள். ஆள் வேண்டாம் என்றார்கள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. தேஜஸ்வினி வருகிறவரை எட்டு வருஷம் முந்திரிக்கொட்டை உடைத்தாள். கையெல்லாம் கொட்டைப் பால் பட்டுத் தோல் உரிந்தது.

இரண்டு குடும்பத்துக்கும் ஒரே பங்கு, ஒரே மாதா கோயில். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொல்கிற நேரத்தில் பக்கத்தில், பின்னால் இருப்பவர்களைப் பார்த்துக் கைகுவிக்க வேண்டும். பால்சாமி எந்தத் தூணருகே உட்காருகிறான் என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் மேரி தனக்கு இடம் தேடுவாள். ஒன்பது வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட அவள் கை அவன் பக்கம் குவிந்ததில்லை. மன்னித்துவிடு என்று பாவசங்கீர்த்தனத்தில் இரண்டு சாமியார்கள் சொல்லிப் பார்த்தார்கள். மற்ற பாவமெல்லாம் சொல்லி அழுகிறவள், அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வாள்.

இந்தப் பங்குனியில் சக்கையைக் காயவைத்து அரைத்துத் தர ஆள் தேடினாள் தேஜஸ்வினி. வந்து நின்றது பால்சாமி. பிளாஸ்டிக் சாமான் வந்தபிறகு ப்யூஸ் கட்டை வாங்க ஆளில்லை, ஷெட்டும் மில்லும் சும்மா கிடந்தன. கையில் ஒரு டப்பா கொண்டுவந்திருந்தான். அதைத் தேஜஸ்வினி லேபுக்கு அனுப்பினாள். சுத்தமாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. இருக்காதா பின்னே, அந்த ஒரு கிலோவை அவன் பெண்டாட்டி வீட்டு மாடியில் காயவைத்து மிக்ஸியில் அரைத்துக் கொடுத்திருந்தாள்.

மேரியைப் பார்த்ததும் பால்சாமி ஒரு கணம் தயங்கி, பிறகு சிரித்தான். "மேரி இங்கதான் இருக்கியா? பழசயெல்லாம் மனசுல வெச்சிக்காத. நாம எல்லாம் ஒரே கோயிலு ஜனம்."

"வாங்க மொதலாளி" என்றாள் மேரி. தேஜஸ்வினிக்கு எதுவும் தெரியாது. மேரி சொல்லவும் இல்லை.

சோதனைக்கான முதல் மூட்டைகள் வந்தன. ஆறு நாய்களுக்கு முப்பது நாள் போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. மூட்டையைப் பிரித்ததும், யாரும் கேட்காமலே மேரி ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்தாள். மண் வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் இருக்கிற பழக்கம் அது. புது மண் வந்தால் சல்லடைக்கு முன்னால் பல்தான். நைஸ் மண் வெண்ணெய் மாதிரி வழுக்கும், கல் மாவு சேர்ந்தது நறநறக்கும்.

நறநறத்தது. நறநறத்தபின் நாக்கில் வெள்ளையாக, வழவழவென்று ஒட்டியது. பதினேழு வருஷம் தின்ற மண் அது. அவளுக்குத் தெரியாமல் போகுமா?

நடந்தது என்னவென்று அந்த இடத்திலேயே நின்று யோசித்துக் கண்டுபிடித்துவிட்டாள். ஈரச் சக்கையை அவன் மண் காயவைக்கிற களத்தில் பரப்பியிருக்கிறான். எத்தனை கழுவினாலும் அந்தத் தரை வெள்ளை மண்ணைக் கக்கிக்கொண்டே இருக்கும். அரைத்தது கூழாங்கல் போட்டுச் சுழலும் பழைய உருளை மில்லில். மண் கம்பெனிக்காரர்கள் ஒரு மண் அரைத்தபின் இன்னொரு மண் அரைக்க இரண்டு தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். அது போதும் அவர்களுக்கு. மிச்சம் ஒட்டியிருந்தாலும் மண்ணோடு மண். மண்ணை ஈரமாக அரைக்கும்போது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் குழம்பு இருக்கும். காய்ந்த சக்கையில் குழம்பு ஏது? கல்லோடு கல் தேய்ந்து மாவாகி உள்ளே விழுகிறது. பால்சாமி ஏமாற்றவில்லை. அவன் வழக்கப்படி சுத்தமாகத்தான் செய்திருந்தான்.

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொன்னால் என்ன ஆகும்? சரி, களத்தை மாற்றுகிறேன், மில்லை மாற்றுகிறேன் என்பான். ஒரு வாரம் தள்ளிப்போகும். நல்ல வேளை சொன்னாய் மேரி என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பை நினைத்ததும் அவள் வாய் மூடிக்கொண்டது. தண்ணீர் கொப்பளித்துத் துப்பிவிட்டு, தீனி கலக்கும் ஆளிடம் மூட்டையைக் கொடுத்தாள்.

நாய்களுக்கு வந்தது அருமையான மார்க். வெள்ளை மண் வயிற்றைக் கட்டும் என்பது எஸ்டேட்டில் வேலை செய்தவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். மூன்று, மூன்று, மூன்று என்று அட்டை நிறைந்தது. தேஜஸ்வினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேரி எழுதியது எதுவும் பொய்யில்லை. எழுதாமல் விட்டது ஒன்றுதான்.

பால்சாமி இரண்டு நாளுக்கு ஒருமுறை மார்க் பார்க்க வந்தான். அட்டையைக் காட்டினால் போதும்தான். மேரி காட்டமாட்டாள். சப்ளை செய்கிறவர் நேரில் பார்க்கவேண்டும் என்று சட்டம் பேசினாள். வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வந்தவன் தடுப்புக்குள் குந்தவேண்டியிருந்தது.

"குச்சியால பொரட்டிப் பாருங்க மொதலாளி. உள்ள எப்படி இருக்குதுன்னு பாக்கணும்ல."

"நல்லாத்தான் இருக்குது."

"மோந்து பாத்து சொல்லுங்க. பழ வாசன வருதா?"

சுவருக்கு அந்தப் பக்கம் பாஞ்சாலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். பிறகு மேரியிடம் வந்து, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரி அந்தாளு குந்திக்கிட்டு இருக்கறதப் பாத்தா, எனக்கு ரெண்டு நாளைக்கி சோறு வேணாம்க்கா என்றாள்.

மேரிக்கு அது ஒரு ஊறுகாய் அளவுதான். சாப்பாடு வேறிடத்தில் வெந்துகொண்டிருந்தது. பழ சீசன் சித்திரையோடு முடிந்துவிடும், சக்கையை அப்போதே வாங்கிக் காயவைத்தால்தான் உண்டு. சோதனை முடியட்டும் என்று பால்சாமி காத்திருந்தால் கொஞ்சம்தான் கிடைக்கும். மேடத்துக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, வருஷம் முழுக்கத் தேவைப்படும் என்று பேசிக்கொள்கிறார்கள் என்று பாஞ்சாலையைவிட்டு அவன் காதில் போடச் செய்தாள். பாஞ்சாலை விவரம் தெரியாமலே போய்ச் சொன்னாள். அவன் மங்களூர்ப் பக்கத்துச் சக்கை மொத்தத்தையும் தனக்கென்று பேசி முடித்தான். மனைவியின் நகை பேங்குக்குப் போனதாகக் கோயிலில் பேச்சு அடிபட்டது. ஒவ்வொரு லோடும் அதே களம், அதே மில். கொடௌனில் மூட்டை உயர்ந்தது. சாயங்காலம் பஸ்ஸுக்கு நடக்கும்போது மேரி மூன்றாவது தெரு வழியாகப் போவாள். மூட்டை ஜன்னலைத் தொட்ட அன்று வீட்டுக்கு மீன் வாங்கிப் போனாள். என்ன விசேஷம் என்று அமல் கேட்டான். சும்மாதான் என்றாள்.

ஆறு நாயில் வயதானது வெள்ளச்சி. தெருவில் அடிபட்டுக் கிடந்ததைத் தேஜஸ்வினி தூக்கிவந்து வைத்திருந்தாள். இருபத்தோராம் நாள் வெள்ளச்சிக்கு மார்க் இரண்டு. மறுநாள் ஒன்று. அதற்கு மறுநாள் ஒன்றுமே இல்லை. கூனிக்கொண்டு நின்று முக்கியது. ஒரு சுற்று நடந்தது. மறுபடி நின்று முக்கியது. பிறகு மேரியைப் பார்த்து, குரைக்காமல், மெல்ல ஒரு சத்தம் போட்டது. வயதாகிவிட்டதால் இருக்கும் என்றாள் தேஜஸ்வினி. ஜெசிக்குப் பிள்ளைப்பேற்றில் இடுப்புவலி கண்டபோது மேரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

வெந்நீரில் விளக்கெண்ணெய் விட்டுப் புகட்டினாள். கால்மணி நேரம் அதன் வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீசனில் இன்னும் இரண்டு லோடு பாக்கி இருந்தது. அந்த இரண்டும் வந்தபின் சொல்வதாகத்தான் கணக்கு. வெள்ளச்சி மறுபடி எழுந்து கூனிக்கொண்டு நின்றது. மேரி பாஞ்சாலையைக் கூப்பிட்டு, பால்சாமிக்குப் போன் போட்டு வரச் சொல் என்றாள்.

அவன் வந்தபோது தேஜஸ்வினி மாட்டு டாக்டரை அழைத்துவர வெளியே போயிருந்தாள். மேரி ஒரு சிட்டிகைப் பொடியை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"கடிச்சிப் பாருங்க."

"நாயி திங்கறத நான் எதுக்கு திங்கணும்?"

"திங்க வேணாம். பல்லுல வெச்சிப் பாருங்க. மண்ணுக்காரருதான நீங்க."

கடித்தான். அவளுக்குத் தெரிந்தது அவனுக்கும் ஒரு கடியில் தெரிந்தது. தாடை அப்படியே நின்றது. துப்பவும் மறந்து நின்றான். ஒன்பது வருஷத்தில் மேரி அவன் முகத்தை நேராக, இமைக்காமல் பார்த்தது அப்போதுதான்.

"களமா?" என்றான் கடைசியில்.

"களமும்தான். மில்லுந்தான்."

"எப்ப கண்டுபுடிச்ச?"

"மொத மூட்ட பிரிச்ச அன்னிக்கே."

அவன் பக்கத்தில் கிடந்த தீனி டிரம்மின் மேல் உட்கார்ந்தான். கொடௌன் முட்ட அடுக்கி வைத்திருக்கிறேனே மேரி என்றான். தெரியும், தினம் பார்த்துக்கொண்டுதான் போகிறேன் என்றாள். சலித்துத் தருகிறேன், மேடத்திடம் சொல்லாதே என்றான். மண் எந்தச் சல்லடையில் நிற்கும், உங்களுக்குத் தெரியாததா என்று அவள் கேட்டாள். அவன் எழுந்து நின்றான்.

"அன்னைக்கி நான் பண்ணது தப்புதான். பட்டைய நீ எடுக்கல. எல்லாரையும் கூப்புடு, இந்த எஸ்டேட்டு முழுக்கக் கூப்புடு, எல்லாரு முன்னாடியும் சொல்றேன்."

ஒன்பது வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை அதுதான். பாத்திரம் கழுவும்போது, கொட்டை உடைக்கும்போது, பூசையில் முழங்காலில் நிற்கும்போதெல்லாம் அதை அவன் குரலில் சொல்லவைத்துப் பார்த்திருக்கிறாள். இப்போது காதில் விழுந்தது. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"வேணாம் மொதலாளி. இன்னைக்கி சொன்னா மூட்டைக்காகச் சொன்னதாத்தான் ஆவும். போயிட்டு வாங்க."

அவன் இரண்டடி நடந்து, நின்று, தடுப்பைப் பார்த்தான். வெள்ளச்சி தரையில் வயிற்றை அழுத்திப் படுத்திருந்தது.

"என்ன வுடு. இந்த வாயில்லாததுங்க உனக்கு இன்னா பண்ணுச்சு?"

மேரி தடுப்புக்குள் போய் வெள்ளச்சியின் தண்ணீர்ச் சட்டியை நிரப்பினாள்.

தேஜஸ்வினி டாக்டரோடு வந்ததும் மேரி எல்லாவற்றையும் சொன்னாள். மண் இருப்பதை, அது எப்படி வந்தது என்பதை, முதல் நாளே தெரியும் என்பதை, ஏன் சொல்லவில்லை என்பதை. கேட் முன்னால் நடந்ததைச் சொல்லும்போது குரல் மாறவில்லை. ஊசி போட்டுவிட்டு, நிறையத் தண்ணீர் கொடுங்கள், சரியாகிவிடும் என்று டாக்டர் கிளம்பினார். தேஜஸ்வினி தடுப்பில் குந்தி வெள்ளச்சியின் தலையைத் தடவினாள்.

"அவரு பண்ணது அநியாயம் மேரிக்கா. எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா அவர உள்ளயே வுட்டிருக்க மாட்டேன்."

"வுடக்கூடாதுன்னு நான் நெனைக்கலீங்க மேடம். வரணும்னுதான் நெனச்சேன்."

தேஜஸ்வினி கையை நீட்டினாள். மேரி மார்க் அட்டையைக் கொடுத்தாள். நாளையிலிருந்து பையில் அடைக்கிற பக்கம் போங்கள், நாய்கள் இருக்கிற பக்கம் வரவேண்டாம் என்றாள். வேலையைவிட்டே அனுப்பியிருந்தாலும் மேரி வாதாடியிருக்கமாட்டாள். அந்த வேலையில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பது அட்டையைக் கொடுத்தபின்தான் தெரிந்தது. மூன்றாம் நாள் வெள்ளச்சிக்கு மார்க் மூன்று என்று பாஞ்சாலை வந்து சொன்னாள். இப்போது அவள்தான் குச்சி பிடிக்கிறாள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு. மேரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பையின் வாயைத் தைத்தாள்.

பால்சாமியின் மூட்டைகளை மாட்டுத் தீவனக்காரர்கள் வந்து பார்த்தார்கள். சேதி அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒரு சிட்டிகை எடுத்துக் கடித்துவிட்டுப் போனார்கள். வைகாசியில் மழை கண்டதும் கொடௌனில் நெடி கிளம்பியது. கடைசியில் கம்மாபுரம் ரோட்டிலிருக்கும் செங்கல் சூளைக்காரன் ஒருவன் விறகுக்கு ஈடாக, ஏற்றுகூலியை மட்டும் கொடுத்து எடுத்துக்கொண்டான். சூளைக்கு மண் இருந்தால் என்ன, கல் இருந்தால் என்ன.

மூட்டைகள் எட்டு நாள் எரிந்தன. மேரி வழக்கமாகப் பஸ்ஸில் உள்பக்கம் உட்காருகிறவள். அந்த எட்டு நாளும் ஜன்னலோரம் இடம் பிடித்தாள். சூளை நெருங்கும்போது முந்திரிப்பழம் கருகும் வாசனை, இனிப்பும் காறலுமாக, பஸ்ஸுக்குள் வந்து நிறையும். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலை இறக்கச் சொல்லுவார்கள்.

"யம்மா, ஜன்னல மூடும்மா. தொண்ட காறுது" என்றார் கண்டக்டர்.

"இறுகிக்கிச்சுங்க, வர மாட்டேங்குது" என்றாள் மேரி. சூளை பின்னால் மறைகிறவரை கையை ஜன்னல் கம்பியிலேயே வைத்திருந்தாள்.